சுஜி அக்கா வாங்கிய மார்க்

பம்மல்
6 ஜூலை 2025

அன்புள்ள சுஜி அக்காவுக்கு,

ஜோவிதா எழுதுகிறேன், ரோஸி சித்தியின் மகள். முதலில் மன்னித்துவிடுங்கள். நாம் கடைசியாக நேரில் பேசியது உங்களை ஏர்போர்ட்டில் வழியனுப்பிய அன்று. அதுவும் "போயிட்டு வாங்கக்கா" என்றதோடு சரி. இப்போது இவ்வளவு நீளமாக ஒரு மின்னஞ்சல் வந்தால், இவள் எதையோ கேட்கத்தான் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். அது சரிதான். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். விழுந்தும் பதில் வராவிட்டால் வேறு ஏதேதோ நினைப்பேன். நீங்கள் எப்போது படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

அங்கே சுகமாக இருக்கிறீர்களா? இங்கே கர்த்தர் தயவில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குத் தோல் பட்டறைத் தூசியால் வந்த இருமல் இப்போது குறைவு. பெரியம்மாவை ஞாயிறுதோறும் கோயிலில் பார்க்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்களாம்.

போன மாதம் ஜி.ஆர்.இ. தேர்வு எழுதினேன். 340-க்கு 321. கணக்கில் 167, ஆங்கிலத்தில் 154. உங்கள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்க ஆசை. டிசம்பர் 15 கடைசி நாள்.

நம் சபை வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிப்பாரே ஷெர்வின் அண்ணா, அவர் இப்போது தாம்பரத்தில் மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். மாடிப்படி ஏறும் இடத்திலேயே உங்கள் படம் போட்ட பேனர், கீழே பெரிதாக 334. அவர் என் மார்க்கைப் பார்த்துவிட்டு பேனரைக் காட்டினார்.

"நம்ம சுஜியே முன்னூத்து முப்பத்துநாலு வெச்சிகினுதான் உள்ள போச்சு. நீ முன்னூத்து இருபத்தொண்ணை வெச்சிகினு இன்னா பண்ணப்போற? நான் சொல்ற காலேஜுக்குப் போடு. கண்ணை மூடிகினு கொடுப்பான்."

அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு இன்னாம்மா தெரியும்? உங்க பெரியம்மாதான் பொண்ணை அனுப்பி வெச்சவங்க. அவங்க போன்னா போ" என்றார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதனால் இப்படிப்பட்ட விஷயத்தில் முடிவு எப்போதும் சேலையூரிலிருந்து, பெரியம்மாவிடமிருந்துதான் வரும்.

321 போதுமா, அக்கா? இது மட்டும் தெரிந்தால் போதும். கேட்க நினைத்தது இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு இப்போது தைரியம் இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியமுடன்,
ஜோவிதா

*

19 ஜூலை 2025

என் அன்பு ஜோவி,

உன் கடிதம் கண்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே வெயில் நம் ஊர் போலவே கொளுத்துகிறது. ஆனால் யாரும் குடை பிடிப்பதில்லை, நான் பிடித்தால் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை அதிகம். உறையவைத்த முருங்கைக்கீரை பாக்கெட்டில் கிடைக்கிறது. மருந்து வாசனை.

நீ புள்ளியியல் எடுத்தது எனக்குப் பெருமை. இங்கே மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. நீ செய்த வேலை, எழுதும் கட்டுரை, ஆசிரியர்கள் கொடுக்கும் பரிந்துரை எல்லாம் சேர்த்துத்தான். அவசரப்படாதே. ஷெர்வின் சொல்லும் கல்லூரிகளும் மோசமில்லை.

சித்தப்பாவை வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்.

அன்புடன்,
சுஜி

*

பம்மல்
27 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ஆவி பிடிக்கச் சொன்னேன். "டாக்டரு அமெரிக்காவுல கீறாங்களா?" என்று சிரித்தார், ஆனால் பிடித்தார்.

நீங்கள் பதில் போட்டதற்கு நன்றி. கடிதத்தை மூன்று முறை படித்தேன். போதும் என்றும் இல்லை, போதாது என்றும் இல்லை. உங்கள் பல்கலைக்கழக வலைத்தளமும் இப்படித்தான். "குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதுவும் கிடையாது" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தால் பெண் பார்க்க வந்து "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன.

ஷெர்வின் அண்ணா மேலும் சந்தேகம். அவர் சிபாரிசு செய்யும் மூன்று கல்லூரிகளின் காலண்டர்தான் சுவரில் தொங்குகிறது. மேஜையில் இருக்கும் பேனாவிலும் அதே பெயர்கள்தான். "அண்ணா, அவங்க உங்களுக்குக் கமிஷன் தருவாங்களா?" என்று கேட்க வாய் வரை வந்தது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டேன்.

என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பல்லாவரத்தில் ஒரு கணக்கெடுப்பு நிறுவனம். வீடு வீடாகப் போய்க் கேட்டதாகச் சொல்லி ஆட்கள் அனுப்பும் விடைகளில், வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியவை எவை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதனால்தான் இந்தச் சந்தேக புத்தி. அம்மா திட்டுவாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியம்மாவிடம் நானே கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

"ஜோவி கண்ணு, பெரியம்மா உனக்குக் கெட்டது சொல்வேனா? சுஜி முன்னூத்து முப்பத்துநாலு எடுத்தா. அதுக்கே எவ்ளோ ஜெபம்! நீ இன்னொரு தடவை எழுது. இல்லைன்னா ஷெர்வின் சொல்றதைக் கேளு. கெடைக்காத இடத்துல போட்டுட்டு அப்புறம் அழக் கூடாது."

பக்கத்தில் நின்ற நம் சபை சவுரிமுத்து அண்ணன் மகள் தலைகுனிந்தாள். அவளும் இரண்டு வருடம் முன்பு ஜி.ஆர்.இ. எழுதியவள். 319. "சுஜி அக்கா மார்க்" வராததால் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது டியூஷன் எடுக்கிறாள்.

உங்களுக்குக் கணக்கில் தனியாக எவ்வளவு, ஆங்கிலத்தில் எவ்வளவு வந்தது அக்கா? கணக்கில் நான் உங்களுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறேன் என்று தெரிந்தால், மறுபடி எழுதலாமா என்று முடிவு செய்வேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜோவிதா

*

30 ஆகஸ்ட் 2025

அன்பு ஜோவி,

தாமதத்துக்கு மன்னிப்பு. சளி, காய்ச்சல் என்று ஒரு வாரம் போனது. இப்போது பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

தனித்தனி மார்க் ஞாபகமில்லை. அது ஆயிற்று மூன்று வருடம். முடிந்தால் நீ மறுபடி எழுது, நல்லதுதான். முடியாவிட்டாலும் வருத்தப்படாதே. என் அம்மா சொல்வதையும் கொஞ்சம் கேள்.

இங்கே குளிர் வேறு சீக்கிரம் வந்துவிடும். நீ நினைப்பது போல எல்லாம் சுலபமில்லை இங்கே.

அன்புடன்,
சுஜி

*

பம்மல்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

காய்ச்சல் முழுதாக விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள். இங்கே எல்லோரும் சுகம்.

இதை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு ஞாபகமில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் கோயிலில் திடப்படுத்தல் எடுத்து முதல் நற்கருணை வாங்கிய அன்று போட்டிருந்த வெள்ளைத் தாவணியில் குழம்பு பட்டது எந்தப் பக்கம் என்று போன கிறிஸ்மஸில் எல்லோரும் சேர்ந்து பேசிய வீடியோ காலில் சொன்னீர்கள். அப்படிப்பட்ட உங்களுக்கு, உங்களை அமெரிக்கா கொண்டுபோன மார்க் மறந்துபோகுமா?

ஆகவே நான் இப்படி நினைத்துக்கொண்டேன்: நான் அங்கே வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. பட்டறைக்காரர் மகள் அதே பல்கலைக்கழகத்தில் வந்து உட்கார்ந்தால், சித்தி மகள் என்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும். தப்பாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். சரியாக இருந்தால் பதில் போட வேண்டாம். புரிந்துகொள்வேன்.

ஜோவிதா

*

7 செப்டம்பர் 2025

ஜோவி,

லூசு. அப்படி ஒரு நாளும் இல்லை. உன் தாவணியில் குழம்பு ஊற்றியதே நான்தான், அதனால் ஞாபகம்.

நீ எழுதிய கட்டுரை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே அனுப்பு. திருத்தித் தருகிறேன். மற்றதைக் கேட்காதே.

சுஜி

*

பம்மல்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

என் மேல் கோபப்படாமல் இருந்ததற்கு நன்றி. குளிர் வந்துவிட்டதா? இங்கே மழை. பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் படகு மாதிரி போகின்றன. கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். டீக்கடை விடைகளைக் கண்டுபிடிப்பது பற்றித்தான் எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

நேற்று அப்பா கோவளத்துக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு சங்கரா மீன் வாங்கி வந்தார். அம்மா அதைக் கழுவிக்கொண்டே உங்கள் கதையைச் சொன்னாள். நான் கேட்காமல்தான் சொன்னாள்.

"உங்க பெரியம்மா மாதிரி யாரால முடியும்? பாஸ்டர் ஒரு தடவை பிரசங்கத்துல சொன்னாரு, ஆண்டவர்கிட்ட பொத்தாம் பொதுவா கேக்காதீங்க, இன்னது வேணும்னு குறிச்சுக் கேளுங்கன்னு. அக்கா நிமிர்ந்து பார்த்தா, எதிர்ல பாட்டுப் பலகை. கடைசிப் பாட்டு நம்பர் முன்னூத்து முப்பத்துநாலு. அதான் ஆண்டவர் காட்டுன நம்பர்னு புடிச்சுகிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உபவாசம். சுஜி பரீட்சை எழுதுனா. அடுத்த ஞாயிறே அக்கா எழுந்து நின்னு சாட்சி சொன்னாங்க. கணக்குல நூத்து எழுபத்திரண்டு, இங்கிலீஷ்ல நூத்து அறுபத்திரண்டு, கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தாருன்னு. சபையே அல்லேலூயா சொல்லிச்சு. நான் அழுதுட்டேன்."

"நூத்து எழுபத்திரண்டா? நல்லா ஞாபகம் இருக்காம்மா?"

"ஏன்டி, சாட்சி சொல்றதுக்கு முன்னாடி பத்து நாளா அதைத்தானே ஜெபக் கூட்டத்துல சொல்லிட்டிருந்தாங்க. எழுபத்திரண்டு, அறுபத்திரண்டுன்னு பிரிச்சே கேட்டாங்க."

நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, ஒரு பிரிவுக்கு மொத்தமே 170தான். உங்களுக்குத் தெரியும். சபையில் அன்று அது யாருக்கும் தெரிந்திருக்காது. ஷெர்வின் அண்ணா கூட்டுத்தொகையை மட்டும்தான் கேட்டிருப்பார், அதை மட்டும்தான் பேனரில் போட்டிருக்கிறார்.

டீக்கடையில் நிரப்பிய எண்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று என் மேலாளர் ராஜகோபாலன் சார் கேட்பார். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே இருந்தால் அங்கே நின்று பார்ப்பேன் சார் என்பேன்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோவிதா

*

பம்மல்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? பதில் இல்லை. கட்டுரை கிடைத்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் ஏதாவது உங்களை நோகடித்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். நானும் என் பக்கத்தில் அழித்துவிட்டேன்.

ஜோவிதா

*

16 நவம்பர் 2025

அன்பு ஜோவி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பலமுறை எழுத உட்கார்ந்தேன்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். நிறைய மாற்றவில்லை. முதல் பத்தியில் நீ மன்னிப்புக் கேட்பதை மட்டும் எடுத்துவிட்டேன். இங்கே யாரிடமும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

உன் மார்க் போதும். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, அது யாருக்கும் தெரியாது. ஆனால் 321 விண்ணப்பிக்கப் போதுமான மார்க்தான். தெரிந்துதான் சொல்கிறேன். 319-உம் போதும். அந்தப் பெண்ணிடமும் சொல்.

அன்றைக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் அம்மா போன் செய்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே கேள்விதான். "கேட்டது கெடச்சுதா?" நான் "ம்" என்றேன். எனக்குக் கிடைத்தது எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. நான் சொன்னது அந்த ஒரு "ம்" மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நின்றபோது அவர்கள் முகம் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா இறந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

ஷெர்வினுக்கு எழுதி, என் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. நீ விண்ணப்பத்தைப் போடு.

உன்,
சுஜி அக்கா

*

பம்மல்
30 நவம்பர் 2025

அன்புள்ள சுஜி அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. அப்பாவின் இருமல் திரும்பி வந்திருக்கிறது, ஆவி பிடிக்கிறார்.

கட்டுரைக்கு நன்றி. மன்னிப்புக் கேட்ட வரிகள் இல்லாமல் படிக்கும்போது யாரோ தைரியசாலி எழுதியது போல இருக்கிறது. 319 வாங்கியவளிடமும் சொன்னேன். "உனக்கு யார் சொன்னாங்க?" என்று சந்தேகமாகத்தான் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஷெர்வின் அண்ணா நீங்கள் சொன்னபடி செய்துவிட்டார், பாதி. படம் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறார். கீழே 334 அப்படியே இருக்கிறது. "இன்னாண்ணா இது, ஆள் இல்லாம நம்பர் மட்டும் கீது?" என்று நானே கேட்டுவிட்டேன். நான் அப்படிக் கேட்டதில் அவருக்கே ஆச்சரியம். "நம்பர்தாம்மா நமக்கு வோணும். ஆள் வருவாங்க போவாங்க" என்றார். அவருக்கு உண்மையில் எதுவும் தெரியாது. கமிஷன் விஷயத்தைத் தவிர வேறு எதிலும் அவரை இனி நான் சந்தேகப்பட மாட்டேன்.

விண்ணப்பத்தை எல்லாம் நிரப்பி வைத்துவிட்டேன். அனுப்புவதற்கான பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. அப்பா அதே இடத்தில்தான் நிற்கிறார். "உங்க பெரியம்மா போன்னா போ." அவரை மீறி அமுக்கலாம்தான். ஆனால் அனுமதி கிடைத்தால் அதன் பிறகு போக வேண்டுமே. அப்பா மனம் ஒப்பாமல் ஏர்போர்ட் வாசலில் வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

ஆகவே போன வெள்ளிக்கிழமை சேலையூர் போனேன், பெரியம்மாவிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்க. கதவைத் திறந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா பெரியம்மா, தலை சுத்துதா?"

"ஒண்ணும் இல்லடா. வெள்ளிக்கிழமை இல்ல? உபவாசம்."

"சர்க்கரையை வெச்சுகிட்டு உபவாசமா? டாக்டர் கூடாதுன்னு சொன்னாரே."

"யாருக்காக இருக்கேன்? உனக்காகத்தான். நீ மறுபடி எழுதும்போது அதே முன்னூத்து முப்பத்துநாலு வரணும். சுஜிக்குக் கொடுத்தவர் உனக்குக் கொடுக்க மாட்டாரா?"

ஜூலையிலிருந்தே இருக்கிறார்களாம். நான் கோயிலில் போய்க் கேட்ட அந்த வாரத்திலிருந்து. யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் நான் அவர்களை என்னவெல்லாம் நினைத்தேன் என்று உங்களுக்கு எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. என்னை மேலே வர விடாமல் பிடித்து வைக்கிறார்கள் என்று நினைத்தேன் அக்கா. எனக்காகப் பசியோடு இருந்திருக்கிறார்கள்.

அங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு பிரிவுக்கு 170தான் பெரியம்மா, என்று ஒரு வரி. ஆனால் அது என் வாயிலிருந்து வரக் கூடாது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்து இனிப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தேன், தொட மறுத்துவிட்டார்கள். மாலை ஐந்தரைக்கு ஜெபம் செய்து முடித்த பிறகுதான் வாயில் வைத்தார்கள். அதுவரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் கடிதத்தில் கேட்க நினைத்தது இன்னொன்றும் இருக்கிறது என்று எழுதினேன். எனக்காகப் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்பதுதான் அது. என்ன வார்த்தை என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

உங்கள் மார்க் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். சபையிலும் சொல்ல வேண்டாம். பெரியம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை, இங்கே மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுங்கள், உங்களுக்கு அப்போது விடிகிற நேரம். நான் சேலையூரில்தான் இருப்பேன். அவர்கள் அழுதால் கையைப் பிடித்துக்கொள்வேன். சாதம் வடித்து வைத்திருப்பேன். நீங்கள் பேசி முடித்ததும் அவர்களைச் சாப்பிட மட்டும் சொல்லுங்கள் அக்கா.

ஜோவிதா